அப்பாவின் லேப்டாப்புக்கு ஓசூரிலிருந்து உதவ வேண்டும், பயமில்லாமல் எப்படிச் செய்வது?

ஓசூர்மகள்

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுகிறேன். நடந்தது முழுசும் தெரிந்தால்தான் நீங்கள் சரியான வழி சொல்ல முடியும்.

அப்பாவுக்கு 68 வயது. கூட்டுறவு சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் கும்பகோணத்துக்குப் பக்கம். நான் ஓசூரில் வேலை பார்க்கிறேன், ஒரு ராத்திரி பஸ் தூரம். மூன்று வருடத்துக்கு முன்னால் அவருக்கு ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுத்தேன், விண்டோஸ் 11 ஹோம். ஊர்க் கோயில் திருவிழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் தலைக்கட்டு வரி, யார் கொடுத்தார்கள், யார் பாக்கி என்று எல்லாம் அவர் கணக்குதான். நோட்டில் இருந்ததை எக்செலுக்கு மாற்றினார். தமிழ்99 விசைப்பலகை பழகிக்கொண்டு வேகமாகவே அடிப்பார்.

சின்னச் சின்னச் சிக்கல் வந்தால் எனக்குத்தான் போன். ஒருநாள் "தமிழே வரமாட்டேங்குதும்மா" என்றார். "கீழே வலது ஓரத்துல, மணி காட்டுற இடத்துக்குப் பக்கத்துல என்ன எழுத்து இருக்குப்பா?" என்று கேட்டேன். அவர் இடது ஓரத்திலிருந்து ஒவ்வொரு படமாக விவரிக்க ஆரம்பித்தார். கடைசியில் பார்த்தால், விண்டோஸ் விசையையும் ஸ்பேஸையும் தெரியாமல் சேர்த்து அழுத்தியிருக்கிறார், விசைப்பலகை ஆங்கிலத்துக்கு மாறிவிட்டது. அதையே இன்னொரு முறை அழுத்தினால் சரியாகிவிடும். அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு 40 நிமிடம் ஆனது. அவர் திரை என் கண்ணுக்குத் தெரிந்திருந்தால் அரை நிமிட வேலை.

இப்போது கேட்க வந்த விஷயம். இரண்டு வாரத்துக்கு முன்னால் பஞ்சாங்கம் தேடிக்கொண்டிருந்தபோது திரை முழுக்க சிவப்பாக ஒரு பக்கம் வந்து நின்றிருக்கிறது. சைரன் சத்தம். கம்ப்யூட்டர் பூட்டப்பட்டுவிட்டது, அணைக்காதீர்கள், இந்த எண்ணைக் கூப்பிடுங்கள் என்று ஒரு குரல் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. அப்பா கூப்பிட்டுவிட்டார். எடுத்த ஆள் ரொம்ப மரியாதையாகப் பேசியிருக்கிறான். விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தச் சொல்லி, ஒரு கறுப்புப் பெட்டியைத் திறக்க வைத்து, 'அசாக்' என்று ஐந்து எழுத்து அடிக்கச் சொல்லியிருக்கிறான். வரிசையாக என்னென்னவோ ஓடி, அடியில் நீளமாக ஒரு எண். "இது உங்க கம்ப்யூட்டருக்கு மட்டுமே உள்ள லைசென்ஸ் நம்பர். நான் படிக்கிறேன், நீங்க சரிபாருங்க" என்று சொல்லி எட்டு, எட்டு, எட்டு, டி, சி, ஏ என்று படித்திருக்கிறான். அப்பா திரையில் விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை. நாற்பது வருடம் கணக்கு பார்த்த மனிதர், எண் சரியாக இருந்தால் நம்பாமல் என்ன செய்வார்?

அப்புறம் ஒரு மென்பொருளை இறக்கச் சொல்லி, அதில் வந்த எண்ணை வாங்கிக்கொண்டான். மவுஸ் அம்பு தானாக நகர ஆரம்பித்தது. அடுப்படியிலிருந்து வந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போய் வைஃபை பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டாள். தினமும் ராத்திரி அவள்தான் அதை அணைப்பாள். பணம் எதுவும் போகவில்லை.

அன்றிலிருந்து அப்பா லேப்டாப்பைத் தொடவில்லை. மேலே ஒரு துண்டைப் போட்டு மூடி வைத்திருக்கிறார். கணக்கு ஒப்படைக்க வேண்டிய நாள் நெருங்குகிறது, ஊரில் கேட்கிறார்கள்.

ஒரு ரிமோட் மென்பொருளை நிரந்தரமாகப் போட்டு பாஸ்வேர்டு வைத்துவிட்டால், நாம் நினைத்த நேரத்தில் உள்ளே போய்ப் பார்க்கலாம் என்கிறான் தம்பி. எனக்கு அது சரியாகப் படவில்லை, ஆனால் ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. இன்னொன்று, 'எண்ணை அடிங்க, அனுமதி கொடுங்க' என்று அந்தத் திருடன் சொன்னதையேதானே நானும் அவரிடம் சொல்லப்போகிறேன்? எந்த முகத்தோடு சொல்வது?

நெல்லைசர்வீஸ்

சகோதரி, முதலில் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அம்பு தானாக நகரும்போது பலபேர் மவுஸைப் பிடித்து எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டு நிற்பார்கள். நெட்டை வெட்டுவதுதான் அந்த நேரத்தில் செய்ய வேண்டிய வேலை. 14 வருடமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன், இந்த மாதிரி வந்த வாடிக்கையாளர்களில் அப்படிச் செய்தவர்கள் ரொம்பக் குறைவு.

அந்த எண்ணைப் பற்றி அப்பாவிடம் இன்றைக்கே பேசுங்கள், அதுதான் அவர் மனசில் முள்ளாக நிற்கும். உங்கள் கம்ப்யூட்டரிலும் அதே கறுப்புப் பெட்டியைத் திறந்து அதே சொல்லை அடித்துப் பாருங்கள். அதே 888-ல் தொடங்கும் எண்தான் வரும். என் கடையில் இருக்கும் எல்லா விண்டோஸிலும் அதேதான். எந்தக் கோப்பு வகையை எது திறக்க வேண்டும் என்று காட்டும் பட்டியல் அது. அடியில் வருவது ஒரு கோப்பு வகைக்கு விண்டோஸ் வைத்திருக்கும் உள் அடையாளம், லைசென்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அப்பா சரிபார்த்ததில் தப்பில்லை. அவன் கொடுத்த அளவுகோல்தான் கள்ள அளவுகோல். இதேபோல, விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து சிவப்புக் குறிகளைக் காட்டி 'இத்தனை வைரஸ்' என்பார்கள். நல்லபடியாக ஓடும் கம்ப்யூட்டரிலும் அந்தச் சிவப்புக் குறிகள் இருக்கும். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கை எதிலும் போன் எண் இருக்காது, இதை அவர் நோட்டில் எழுதி வைக்கட்டும். அந்தச் சிவப்புப் பக்கமும் வெறும் இணையப் பக்கம்தான். எஸ்கேப் விசையைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் முழுத்திரையிலிருந்து வெளியே வரும். வராவிட்டால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடிவிடலாம்.

ரிமோட் பேச்சு அப்புறம். முதலில் அந்த லேப்டாப்பைச் சுத்தம் செய்ய வேண்டும், அதையும் நேரில் இருந்து. அவன் இறக்க வைத்த மென்பொருள் இன்னும் உள்ளேதான் இருக்கும். யாரும் அனுமதிக்காமலேயே திரும்ப நுழைய ஒரு பாஸ்வேர்டை அதில் அவன் வைத்திருந்தால், நெட் வந்ததும் கதவு திறந்துவிடும். அதனால் வைஃபை அணைந்தபடியே லேப்டாப்பைத் திறந்து, செட்டிங்ஸில் இன்ஸ்டால் ஆன ஆப்களைத் தேதி வாரியாக அடுக்கி, அந்த நாளில் வந்த எல்லாவற்றையும் நீக்குங்கள். டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பட்டியலைப் பாருங்கள். பிரவுசரில் எந்தெந்தத் தளத்துக்கு நோட்டிஃபிகேஷன் அனுமதி கொடுத்திருக்கிறது என்று பார்த்து, தெரியாததை எடுத்துவிடுங்கள், சைரன் பக்கங்கள் பலதும் அந்த வழியாகத்தான் வரும். கடைசியாக விண்டோஸ் செக்யூரிட்டியில் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் என்ற வைரஸ் சோதனையைக் கொடுங்கள். கம்ப்யூட்டர் தானே மறுபடி தொடங்கி, கால் மணி நேரம்போல ஓடும். பாஸ்வேர்டுகளை அந்த லேப்டாப்பில் மாற்றாதீர்கள், உங்கள் போனிலிருந்து மாற்றுங்கள். வங்கிக் கணக்கை ஒரு மாதம் கவனியுங்கள். ஒரு ரூபாய் குறைந்தாலும் அந்த நிமிடமே 1930. சைபர் குற்றத்துக்கான அந்த எண்ணுக்கு எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நடுவழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு.

சரி, இப்போது உதவி செய்கிற வழி. புதிதாக எதையும் இறக்க வேண்டாம். விண்டோஸ் 11-லேயே, திரையைப் பகிர்ந்து தூரத்திலிருந்து உதவ குயிக் அசிஸ்ட் என்ற கருவி இருக்கிறது. கண்ட்ரோல், விண்டோஸ், கியூ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும். அதைக் கூகுளில் தேடாதீர்கள், தேடினால் விளம்பரமாக வேறு யாராவது வந்து நிற்பார்கள். உங்கள் பக்கம் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து 'ஒருவருக்கு உதவு' என்பதைத் தேர்ந்தால் ஒரு சின்னக் கோட் வரும், 10 நிமிடத்தில் காலாவதியாகும். அப்பாவுக்குக் கணக்கு எதுவும் தேவையில்லை. அவர் அந்தக் கோடை அடித்து, எச்சரிக்கையைப் படித்து டிக் செய்து, அனுமதி கொடுத்தால் திரை உங்களுக்குத் தெரியும். வெறும் பார்வை மட்டும்தான். மவுஸ் உங்கள் கைக்கு வர வேண்டுமென்றால் நீங்கள் தனியாகக் கேட்க வேண்டும், அவர் தனியாகச் சம்மதிக்க வேண்டும்.

என்னைக் கேட்டால் அந்த இரண்டாவதைக் கேட்கவே கேட்காதீர்கள், குறைந்தது முதல் சில தடவையாவது. அதில் ஒரு பேனா இருக்கிறது. நீங்கள் உங்கள் பக்கம் வட்டம் போட்டால் அவர் திரையில் வட்டம் தெரியும். 'இந்த வட்டத்துக்குள்ள அழுத்துங்கப்பா' என்று சொல்லலாம். உங்கள் விசைப்பலகைச் சிக்கலுக்கெல்லாம் அது போதும். இதில் குரல் கிடையாது, போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் கடைசிக் கேள்விதான் முக்கியமானது. திருடன் செய்ததும் நீங்கள் செய்யப்போவதும் வெளியே பார்க்க ஒன்றுதான். 2024 மே மாதம் மைக்ரோசாஃப்டே அறிவித்தது: ஒரு கும்பல் அலுவலகக்காரர்களின் மின்னஞ்சல் பெட்டியைக் குப்பையால் நிரப்பி, பிறகு தொழில்நுட்ப உதவி என்று சொல்லிக் கூப்பிட்டு, இதே குயிக் அசிஸ்ட் வழியாக நுழைந்து, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வரைக்கும் போயிருக்கிறது. ஆக, கருவியின் பெயரை வைத்து நம்பக் கூடாது. யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்பதை வைத்துத்தான் நம்ப வேண்டும். அப்பாதான் எப்போதும் உங்களைக் கூப்பிட வேண்டும், அவர் போனில் ஏற்கெனவே பதிந்திருக்கும் உங்கள் எண்ணுக்கு. நீங்களே கூப்பிட்டு 'லேப்டாப்பைத் திறங்கப்பா' என்றாலும் அவர் வைத்துவிட்டுத் திரும்ப அழைக்கட்டும். கோட் கொடுக்கிறேன் என்று வேறு யார் கூப்பிட்டாலும், கோட் கேட்டு யார் கூப்பிட்டாலும், பேச்சே வேண்டாம்.

திரை பகிர்ந்திருக்கும் நேரத்தில் வங்கி, யூபிஐ, ஓடிபி எதையும் திறக்காதீர்கள், நீங்கள் மகள் என்றாலும். அந்தப் பழக்கம் ஒருதடவை தளர்ந்தால் அடுத்த ஆளுக்கும் தளரும். போனுக்கும் இதேதான். போன் திரையைப் பகிர்ந்தால் வருகிற ஓடிபி எல்லாம் எதிராளி கண்ணில் விழும். எனிடெஸ்க் என்ற ரிமோட் மென்பொருளை ஏற்றச் சொல்லி யூபிஐ பணத்தை எடுக்கும் மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்திருக்கிறது.

தம்பி சொன்னது வேண்டாம். பூட்டிய வீட்டுக்குள் வெளியூரிலிருந்து நுழைய ஒரு வழியை நிரந்தரமாக விடுகிறீர்கள், அதன் பாஸ்வேர்டு தம்பியின் ஏதோ ஒரு சாட்டில் கிடக்கும். ஒரு விஷயம் விட்டுவிட்டேன். விண்டோஸில் பழைய 'ரிமோட் அசிஸ்டன்ஸ்' என்று வேறொன்றும் உண்டு, எக்ஸ்பி காலத்திலிருந்து வருவது. விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தினால் வரும் ரன் பெட்டியில் 'சிஸ்டம்பிராப்பர்டீஸ்ரிமோட்' என்பதை ஆங்கிலத்தில் சேர்த்து அடித்தால் அதற்கான டிக் பெட்டி வரும். குயிக் அசிஸ்ட்டுக்கு அது தேவையில்லை, எடுத்துவிடலாம். ரிமோட் டெஸ்க்டாப் என்பது இன்னொன்று, வெளியிலிருந்து கம்ப்யூட்டருக்குள் நுழைந்து இயக்குவது. ஹோம் பதிப்பில் அப்படி உள்ளே விட இடமே இல்லை என்பதால் அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம்.

பனிநாட்டான்

நான் நோர்வேயில், அம்மா யாழ்ப்பாணத்தில். நெல்லைசர்வீஸ் சொன்னதில் ஒன்றுக்கு மட்டும் மறுபக்கம் சொல்ல வேண்டும். அம்மாவுக்குக் கை நடுக்கம். பத்து நிமிடத்துக்குள் கோட் அடிப்பது, டிக் போடுவது எல்லாம் அவவுக்குப் பெரிய வேலை. ஆகவே குரோம் ரிமோட் டெஸ்க்டாப்பில் நிரந்தர அனுமதி எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் வெறுமனே அல்ல. என் கூகுள் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு இருக்கிறது, அதற்கு மேல் அந்தக் கணினிக்குத் தனிப் பின் எண். அம்மா கணினியை முழுதாக நிறுத்தி வைப்பா, ஞாயிற்றுக்கிழமை என்னோடு கதைக்கும்போது மட்டும்தான் போடுவா. கணினி நிறுத்தியிருந்தால் எவரும் நுழைய முடியாது. கை நன்றாக இருக்கிறவர்களுக்கு இது தேவையில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஓசூர்மகள், உங்கள் அப்பா தமிழ்99 அடிக்கிறவர். அவருக்குக் கோட் அடிப்பது ஒரு பொருட்டே இல்லை.

நெல்லைசர்வீஸ்

பனிநாட்டான் அண்ணா, உங்கள் நிலைமைக்கு அதுதான் வழி. கணினியை நிறுத்தி வைக்கிற வழக்கத்தை விடாதீர்கள்.

எழுபத்தொன்று

அம்மா, நான் கேள்விக்குப் பதில் சொல்ல வரவில்லை. உங்கள் அப்பாவின் இடத்தில் இருப்பவன் என்பதால் எழுதுகிறேன். எனக்கு 71 வயது. பெங்களூரில் இருக்கும் என் மகன் இதே முறையில்தான் எனக்கு உதவுகிறான்.

முதல்முறை அவன் இணைந்தபோது என் திரையில் சாளரங்கள் படபடவென்று மூடின. நான் பாதி எழுதி வைத்திருந்த கடிதம் எங்கே போனது என்றே தெரியவில்லை. சேமித்திருக்கிறதா என்று அவன் கேட்டான்தான், ஆனால் நான் பதில் சொல்வதற்குள் அடுத்ததற்குப் போய்விட்டான். மூன்று நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் மேசையில் வேறு ஒருவர் உட்கார்ந்து எழுந்து போனது போலிருந்தது. அதை அவனிடம் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

இப்போது அவன் கை வைப்பதற்கு முன் வாயால் சொல்கிறான். 'அப்பா, செட்டிங்ஸைத் திறக்கப் போகிறேன்', 'இந்தப் பெட்டியை மூடலாமா?' என்று. நான் சரி என்ற பிறகுதான் அம்பு நகரும். இணைவதற்கு முன்னால் என் கோப்புகளை மூட எனக்கு ஐந்து நிமிடம் தருகிறான். முடிந்ததும் இணைப்பைத் துண்டிப்பது என் வேலை, அவனுடையது அல்ல. உங்கள் அப்பாவுக்கும் அந்தக் கடைசி அழுத்தலைக் கொடுங்கள். அம்பு தானாக ஓடியதைப் பார்த்துப் பயந்தவருக்கு, நிறுத்துகிற பொத்தான் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருப்பது பெரிய தைரியம்.

ஓசூர்மகள்

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து வந்து எழுதுகிறேன்.

போன வெள்ளி ராத்திரி பஸ் ஏறி ஊருக்குப் போனேன். என் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டேன். சனிக்கிழமை காலை காபி குடித்த கையோடு இரண்டையும் திண்ணையில் பக்கம்பக்கமாக வைத்து, இரண்டிலும் அந்தக் கறுப்புப் பெட்டியைத் திறந்தேன். அப்பாவைத்தான் அடிக்கச் சொன்னேன். இரண்டிலும் அதே எண். அவர் இந்தத் திரையில் ஒரு விரல், அந்தத் திரையில் ஒரு விரல் வைத்து முதலிலிருந்து கடைசி வரைக்கும் பார்த்தார். "அப்போ அவன் என் நம்பரைப் படிக்கலை" என்றார். "உலகத்துல எல்லார் கம்ப்யூட்டர்லயும் இதேதான்பா" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அம்மாவைக் கூப்பிட்டு அவளுக்கும் காட்டினார். துண்டு அதற்கப்புறம் கொடிக்குப் போய்விட்டது.

அந்த மென்பொருள் உள்ளேதான் இருந்தது, நீக்கினேன். பிரவுசரில் பதினொரு தளங்களுக்கு நோட்டிஃபிகேஷன் அனுமதி போயிருந்தது. ஆஃப்லைன் ஸ்கேனில் எதுவும் வரவில்லை. பழைய ரிமோட் அசிஸ்டன்ஸ் டிக்கையும் எடுத்துவிட்டேன். அப்பாவின் கணக்கைச் சாதாரணக் கணக்காக மாற்றி, நிர்வாகி பாஸ்வேர்டைத் தனியாக வைக்கலாமா என்று அவரிடமே கேட்டேன். 'அம்மாகிட்ட இருக்கட்டும்' என்றார். சமையல் அலமாரியில் ரேஷன் கார்டு இருக்கும் பையில் ஒரு சீட்டில் எழுதி வைத்திருக்கிறோம். இனி நிர்வாகி அனுமதி கேட்கும் எதையாவது புதிதாக ஏற்ற வேண்டுமென்றால் இரண்டு பேரும் சேர்ந்துதான் செய்ய முடியும்.

நேற்று, ஞாயிறு சாயந்திரம், ஓசூரிலிருந்து முதல்முறை முயன்றோம். அப்பாதான் கூப்பிட்டார். கோப்புகளை மூட நேரம் கொடுத்தேன். கோடைச் சொன்னேன், ஒவ்வொரு எழுத்தையும் திரும்பச் சொல்லி அடித்தார். எச்சரிக்கையை முழுக்கச் சத்தமாகப் படித்தார், நான் அவசரப்படுத்தவில்லை. திரை தெரிந்தது. தலைக்கட்டு வரிப் பட்டியலில் ஒரு கூட்டல் சரியாக வரவில்லை என்றார். பேனாவால் வட்டம் போட்டேன். மூன்று வீட்டுத் தொகை எண்ணாகப் பதியாமல் எழுத்தாகப் பதிந்திருந்தது. அவரே மாற்றினார். மவுஸை நான் கேட்கவே இல்லை.

இடையில் ஒரு புதுப்பிப்புக்கு அனுமதி கேட்டபோது என் பக்கம் திரை சட்டென்று கறுத்துவிட்டது. நெட் போய்விட்டது என்று நினைத்தேன். அவர் பக்கம் நிர்வாகி பாஸ்வேர்டு கேட்கும் பெட்டி வந்திருக்கிறது, அம்மா சீட்டை எடுத்து வந்து படிக்க, அப்பா அடித்தார், என் திரை திரும்ப வந்தது. அந்தப் பெட்டியை உதவுகிறவருக்குக் காட்டாமல் மறைக்கிறது போல. நெல்லைசர்வீஸ் அண்ணா, நான் புரிந்துகொண்டது சரிதானா?

முடிந்ததும் "இப்போ நான் வெட்டிடவா?" என்று கேட்டு அவரே துண்டித்தார். அப்புறம் ஒரு வேலை செய்திருக்கிறார், அம்மா படம் எடுத்து அனுப்பினாள். கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் தேதி, தொடங்கிய நேரம் 6.10, முடிந்த நேரம் 6.45, யார் பார்த்தது, என்ன செய்தது என்று நான்கு கட்டம் போட்டு எழுதி, கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறார்.

அடுத்த ஞாயிறு பிரின்டரைப் பார்க்க வேண்டுமாம். தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக அச்சாகிறது என்கிறார், அதற்குத் தனியாக ஒரு கேள்வி போடுகிறேன்.

நெல்லைசர்வீஸ்

சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். அந்தப் பெட்டி அவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும், பதிலும் அவர்தான் சொல்ல வேண்டும். பிரின்டர் கேள்வியில் எந்த எழுத்துரு, எந்த மாடல் என்று சேர்த்துப் போடுங்கள். நோட்டுப் படம் அனுமதித்தால் கடையில் ஒட்டி வைக்கலாம் என்றிருக்கிறேன், அப்பாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.